கருவறையில் வளரும் அமானிதம்: நான் திருத்திக்கொண்ட ஒரு பாடம்



சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் பெண்கள் மதரஸாவில் வியாழன்தோறும் அஸர் தொழுகைக்குப் பின் நடைபெறும் பயானில், கருவிலிருந்தே பிள்ளை வளர்ப்பது குறித்துப் பேசினேன். தாயின் கோபமும் கவலையும் கண்ணீரும் குருதி வழியே பிள்ளையைச் சென்றடைகின்றன என்றும், அமைதியான தாயே அமைதியான பிள்ளையைப் பெறுவாள் என்றும், ஆதலால் கருவுற்றவள் கவலைப்படுவதே கூடாது என்றும் சொன்னேன். பயான் முடிந்ததும் பலர் வந்து கைகொடுத்துப் பாராட்டினார்கள். மாமியார் ஒருவர், "என் மருமகளுக்கு இதைத்தான் ஆலிமா தினமும் சொல்கிறேன், அவள் கேட்பதில்லை" என்றார். அப்போது எனக்கு அது மகிழ்ச்சியாக இருந்தது.

அன்று கடைசி வரிசையில் சுவரில் சாய்ந்தபடி என் பழைய மாணவி ஒருத்தி அமர்ந்திருந்தாள். வயது இருபத்திரண்டோ இருபத்து மூன்றோ இருக்கும். ஆறாம் மாதம். முந்தைய ஆண்டு ஒரு கரு தங்காமல் கலைந்துபோயிருந்தது. கணவர் சவூதியில். மாமியார் வீட்டில் இருந்தாள்.

மூன்று வாரம் கழித்து அவள் தனியாக என்னைத் தேடி வந்தாள். முகம் வாடி, கண்களின் கீழ் கருமை படர்ந்திருந்தது. வகுப்பறைக் கதவைச் சாத்திவிட்டு மெல்லிய குரலில் கேட்டாள்: "உஸ்தாதா, இன்று மட்டும் நான்கு முறை அழுதுவிட்டேன். பிள்ளைக்கு எவ்வளவு பாதிப்பு வந்திருக்கும்?"

அவள் தன் அழுகைக்குக் கணக்கு வைத்திருந்தாள். இரவெல்லாம் விழித்திருந்து பிள்ளையின் அசைவை எண்ணுகிறாள். அசைவு சற்றுத் தாமதித்தால் நெஞ்சு படபடக்கிறது. படபடத்துவிட்டோமே, அதுவும் பிள்ளையைத் தாக்குமே என்று மேலும் அஞ்சுகிறாள். ஒவ்வொரு முறை அழுத பின்னும் வயிற்றைத் தடவிப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கிறாள். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், "ஆலிமா சொன்னது மறந்துவிட்டதா?" என்று கேட்பார்களாம்.

நான் என்ன பதில் சொன்னேன் என்பதை எழுத இன்றும் கூச்சமாக இருக்கிறது. "ஸப்ர் செய் மகளே, ஸூரா மர்யம் ஓது, எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் தாகத்தோடு வந்தவளுக்குத் தண்ணீர் தராமல், தண்ணீரின் சிறப்பைப் பற்றிப் பேசி அனுப்பிவிட்டேன்.

அதன்பின் அவள் பயானுக்கு வரவில்லை. பத்து நாள் கழித்து அவளுடைய மாமியே என்னிடம் வந்தார். கண்டிப்பானவர் என்று ஊரில் பெயர் எடுத்தவர். "பிள்ளை சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை. நீங்கள் ஓதிப் பார்த்து ஏதேனும் சொல்லுங்கள்" என்றார். அந்தக் குரலில் கண்டிப்பு இல்லை, அச்சமே இருந்தது. நாங்கள் மூவரும் அரசு மருத்துவமனைக்குப் போனோம்.

அங்கிருந்த பெண் மருத்துவர் வயிற்றை அளப்பதற்கு முன்னரே, "தூங்குகிறாயாம்மா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்கே அவள் உடைந்து அழுதாள். மருத்துவர் அவளை அழவிட்டார். பிறகு, "நன்றாக அழு, இதனால் உன் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது" என்றார். நான் அதிர்ந்துபோனேன். பயானில் நான் சொன்னதற்கு நேர் மாறாக அல்லவா சொல்கிறார்!

வெளியே வந்ததும் அவர் என்னிடம் தனியே பேசினார். "நீங்கள் சொன்னால் இந்த ஊர்ப் பெண்கள் கேட்பார்கள். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்" என்று தொடங்கினார். அவர் அன்று விளக்கியதையும், அதன்பின் நானாகத் தேடிப் படித்ததையும் என் சொற்களில் இங்கே தருகிறேன்.

நாம் அஞ்சும்போது, சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, கார்டிசால் என்னும் சுரப்பைக் குருதியில் சேர்க்கிறது. கருவுற்ற காலத்தில் இது இயல்பாகவே உயர்ந்திருக்கும். இது நஞ்சும் அன்று. பிள்ளையின் நுரையீரல் முதிர்வதற்கே இவ்வகைச் சுரப்பு வேண்டும். குறைமாதத்தில் பிறக்கக்கூடும் என்று அஞ்சும்போது மருத்துவர்கள் தாய்க்கு இதே குடும்பத்தைச் சேர்ந்த மருந்தைத்தான் ஊசியாகப் போடுகிறார்கள். மேலும், தாயிடமிருந்து வரும் கார்டிசாலின் பெரும்பகுதியை வீரியம் அற்றதாக மாற்றும் நொதி ஒன்றை அல்லாஹ் நஞ்சுக்கொடியில் வைத்திருக்கிறான். ஒரு நாள் அழுகை, ஒரு சண்டை, ஒரு கெட்ட செய்தி ஆகியவற்றைத் தாங்கும் விதமாகவே கருவறை படைக்கப்பட்டிருக்கிறது.

அவ்வாறாயின் தாயின் மனநிலைக்கும் பிள்ளைக்கும் தொடர்பே இல்லையா? உண்டு. மாதக்கணக்கில் நீளும் கடும் பதற்றம், கவனிக்கப்படாத மனச்சோர்வு, வீட்டில் நடக்கும் அடிதடி, பட்டினி ஆகியவை குறைமாதப் பிறப்போடும் எடைக் குறைவோடும், பிற்காலத்தில் பிள்ளையின் மன உணர்வுகளில் தோன்றும் சிக்கல்களோடும் தொடர்புடையவை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் 1991, 1992 ஆண்டுகளில் பிரசவ நாள் குறிக்கப்பட்டிருந்த பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட கருவுற்ற பெண்களைச் சேர்த்து ஒரு பெரிய ஆய்வு தொடங்கப்பட்டது. அதில், கருவுற்ற காலத்தின் பிற்பகுதியில் மிகக் கடுமையான பதற்றத்தோடு இருந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு நான்கு வயதில் நடத்தையிலும் உணர்விலும் சிக்கல் தோன்றும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகக் காணப்பட்டது. ஆயினும் அத்தாய்மாரின் பிள்ளைகளிலும் மிகப் பெரும்பாலோர் நலமாகவே இருந்தார்கள். இந்தக் கடைசி வரியை நாம் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். நானும் அதைத்தான் செய்தேன்.

மருத்துவர் முடிவாகச் சொன்னது இதுதான்: "கவலைப்படாதே என்று சொன்னால் கவலை போகாது. கவலைக்கு என்ன காரணமோ, அதைச் சுற்றியிருப்பவர்கள் குறைத்தால்தான் போகும். பிள்ளையின் நரம்புகளைக் காக்க வேண்டுமென்றால் தாயைக் காத்துக்கொள்ளுங்கள்."

வீடு திரும்பிய அன்றிரவு ஸூரா மர்யமைத் திறந்தேன். எத்தனையோ ஆண்டுகளாக மாணவிகளுக்கு ஓதிக் கொடுத்துவரும் ஸூரா. அன்று வேறு விதமாகக் கண்ணில் பட்டது. பிரசவ வேதனை மர்யம் (அலை) அவர்களை ஒரு பேரீச்ச மரத்தடிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அந்த வேளையில், இதற்கு முன்பே இறந்து, மறக்கப்பட்டுப் போயிருக்கக் கூடாதா என்று அவர்கள் ஏங்குகிறார்கள். உலகப் பெண்களில் தேர்ந்தெடுக்கப்பட்டவர், வயிற்றில் ஒரு நபியைச் சுமந்தவர் சொன்ன சொல் இது. அதற்காக அவர்கள் கண்டிக்கப்படவில்லை. உன் கவலை பிள்ளையைத் தாக்கும் என்று எச்சரிக்கப்படவும் இல்லை. கவலைப்படாதே என்ற ஆறுதலோடு கூடவே காலடியில் நீரோடை காட்டப்படுகிறது. மரத்தைக் குலுக்கினால் கனிந்த பழம் உதிரும் என்று சொல்லப்படுகிறது. உண்ணவும் பருகவும் கண்குளிரவும் ஏவப்படுகிறது. மனிதர் எவரையேனும் கண்டால் பேசாதிருக்கும் நேர்ச்சை கற்றுத் தரப்படுகிறது. அதாவது, ஊரின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் சுமை அவர்களிடமிருந்து இறக்கி வைக்கப்படுகிறது.

தண்ணீர், உணவு, மனக்குளிர்ச்சி, ஊர்வாயிலிருந்து விடுதலை. நான் என் மாணவியிடம் இந்த ஸூராவை ஓதச் சொன்னேன். அந்த ஸூரா சொல்வதை நானோ அவள் வீட்டாரோ அவளுக்குச் செய்யவில்லை.

மூஸா (அலை) அவர்களின் தாயாரின் வரலாறும் அவ்வாறே. பிள்ளையை ஆற்றில் விட்டபின் அவருடைய உள்ளம் வெறுமையாகிவிட்டது என்று ஸூரா கஸஸ் சொல்கிறது. அல்லாஹ்வின் வாக்குறுதி கிடைத்திருந்த பின்னும் அந்தத் தாயுள்ளம் பதறியது. பதற்றம் ஈமானின் குறை என்று எவரேனும் சொன்னால், இந்த இரு தாய்மாரையும் நினைத்துப் பார்க்கட்டும்.

நபி (ஸல்) அவர்கள் தொழுகையை நீட்ட எண்ணி நின்ற வேளையிலும், பிள்ளையின் அழுகுரல் கேட்டால் அதன் தாய் எவ்வளவு தவிப்பாள் என்று எண்ணித் தொழுகையைச் சுருக்கிக்கொள்வார்கள் என்பது புகாரியில் பதிவாகியுள்ளது. ஒரு தாயின் பதற்றத்துக்காக ஜமாஅத் முழுவதும் விட்டுக்கொடுத்தது. நம் வீடுகளிலோ, வீடு முழுவதற்கும் தாய் விட்டுக்கொடுக்கிறாள்.

இனி, வயிற்றில் வளரும் பிள்ளைக்கு நாம் உண்மையில் என்ன செய்யலாம் என்பதைப் பார்ப்போம்.

முதலாவது, ஊட்டம். பிள்ளையின் மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் அடித்தளமான நரம்புக்குழாய், கருத்தரித்து ஏறத்தாழ 28 நாள்களுக்குள் மூடிக்கொள்கிறது. பலருக்குக் கரு தங்கியதே அப்போதுதான் தெரியவரும். ஆதலால் பிள்ளைக்கு எண்ணும்போதே, நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது மருத்துவ அறிவுரை. நிக்காஹ் முடிந்த பெண்ணுக்கு நகை எடுத்துக் கொடுக்கும் நாம் இந்தச் சிறிய மாத்திரையையும் நினைவில் கொள்வோம். அயோடின் கலந்த உப்பும், ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் இரும்புச்சத்து மாத்திரையும் மூளை வளர்ச்சிக்குத் துணை செய்பவை. அந்த மாத்திரையைத் தேநீரோடு விழுங்கினால் சத்து உடலில் சரிவரச் சேராது. கடற்கரை ஊரார் மத்தி, நெத்திலி போன்ற சிறு மீன்களைத் தாராளமாகக் கொடுக்கலாம். சுறா போன்ற பெரிய மீன்களில் பாதரசம் கூடுதலாக இருக்கக்கூடும் என்பதால் இக்காலத்தில் அவற்றைத் தவிர்ப்பது நன்று. வீட்டினுள் புகைபிடிக்கும் ஆண்கள், அந்தப் புகை யாரையெல்லாம் சென்றடைகிறது என்பதை எண்ணிப் பார்க்கட்டும்.

இரண்டாவது, குரல். ஏறத்தாழ 24 வாரங்களுக்குப் பின் பிள்ளை வெளி ஒலிகளுக்கு அசைந்து கொடுக்கத் தொடங்குகிறது. பிறந்து சில நாள்களே ஆன குழந்தைகள் மற்றப் பெண்களின் குரலைவிடத் தம் தாயின் குரலையே நாடுகின்றன என்று அமெரிக்காவில் டிகாஸ்பர், ஃபைஃபர் என்னும் இரு ஆய்வாளர்கள் 1980ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். கருவுற்ற காலத்தின் கடைசி ஆறு வாரங்களில் தாய் நாள்தோறும் வாய்விட்டு வாசித்த கதையை, பிறந்த குழந்தை இனங்கண்டுகொள்கிறது என்பது 1986ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு. இவற்றைப் படித்தபோது, சுப்ஹுக்குப் பின் தாய் அமர்ந்து ஓதும் குர்ஆனின் ஏற்ற இறக்கம் எத்தனை பெரிய கொடை என்று என் உள்ளம் நெகிழ்ந்தது. சொற்களின் தெளிவைவிட ஓசையின் லயமே கருவறையை எளிதில் எட்டுகிறது. ஆதலால் நிதானமாக, தர்தீலாக ஓதுங்கள்.

ஆனால் இங்கும் ஓர் எச்சரிக்கை தேவை. முதல் மாதத்துக்கு இந்த ஸூரா, ஐந்தாம் மாதத்துக்கு அந்த ஸூரா, பிள்ளை அழகாகப் பிறக்க ஸூரா யூஸுஃப் என்று கைபேசிகளில் சுற்றும் பட்டியல்களுக்கு ஆதாரபூர்வமான நபிமொழி எதுவும் இல்லை. குர்ஆனில் எங்கிருந்து ஓதினாலும் நன்மையே. அந்தப் பட்டியலை முடிக்கவில்லையே என்று ஒரு தாய் குற்ற உணர்வில் தவிக்க வேண்டியதில்லை. வயிற்றின் மேல் ஒலிபெருக்கியை வைத்துச் சத்தமாக ஒலிக்கவிடவும் தேவையில்லை. தாயின் குரலுக்கு அவள் உடலே வழி. குமட்டலும் களைப்புமாக ஓத இயலாத நாளில், படுத்தபடியே திக்ரு செய்தால் போதும். அதற்கும் முடியாவிட்டால் உறங்கட்டும்.

மூன்றாவது, மார்க்கம் தந்த சலுகை. நோன்பால் தனக்கோ பிள்ளைக்கோ தீங்கு வரும் என்று அஞ்சும் கர்ப்பிணி நோன்பை விடலாம். தனக்காக அஞ்சி விட்டவர் பின்னர் களாச் செய்தால் போதும். பிள்ளைக்காக மட்டும் அஞ்சி விட்டவர் ஷாஃபிஈ மத்ஹபின்படி களாவோடு ஃபித்யாவும் கொடுக்க வேண்டும். ஹனஃபி மத்ஹபில் களா மட்டுமே. அல்லாஹ் தந்த சலுகையை எடுத்துக்கொண்டவளைப் பார்த்து, "எங்கள் காலத்தில் நாங்கள் நோன்பு பிடித்துக்கொண்டே எட்டுப் பெற்றோம்" என்று சொல்வது மார்க்கப் பற்றாகாது.

நான்காவதே முதன்மையானது, சுற்றியிருப்பவர்களின் பங்கு. என் இரண்டாவது பிள்ளைக்கு முன் நானும் அஞ்சியதுண்டு. யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் என் உம்மா அறிந்திருந்தார்கள் என்றே நினைக்கிறேன். இஷாவுக்குப் பின் என்னை முன்னால் உட்காரவைத்துத் தலைக்கு எண்ணெய் தேய்த்து விடுவார்கள். ஒன்றும் கேட்க மாட்டார்கள், அறிவுரையும் சொல்ல மாட்டார்கள். அந்த அரை மணி நேரத்தில் என் தோள்கள் தளர்வதை நானே உணர்வேன். உம்மாவுக்குக் கார்டிசால் என்ற சொல் தெரியாது. நஞ்சுக்கொடியின் நொதியும் தெரியாது. பட்டயம் பெற்ற நான் அதை மறந்துவிட்டு, மேடையேறி அச்சத்தை விநியோகித்தேன்.

கணவன்மாரே, நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கையில் குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் பாத்திரம் கழுவித் தர இயலாது. ஆனால் அழைக்கும்போது பணக் கணக்குக்கு முன்னால், "நேற்றிரவு தூங்கினாயா?" என்று கேட்க இயலும். தாயாருக்கும் மனைவிக்கும் இடையில் புகார்களைக் கடத்தாமல் இருக்கவும் இயலும். மாமிமாரே, ஆண் பிள்ளையா பெண் பிள்ளையா என்ற பேச்சை வீட்டில் எடுக்காதிருங்கள். பக்கத்து வீட்டில் நடந்த கடினமான பிரசவக் கதைகளை அவள் முன்னால் விரிக்காதிருங்கள். பிற்பகலில் ஒரு மணி நேரம் அவள் படுத்திருந்தால் அதைச் சோம்பல் என்று எண்ணாதிருங்கள்.

ஐந்தாவது, மருத்துவம். உலக அளவில் கருவுற்ற பெண்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினர் மனநலச் சிக்கலுக்கு, குறிப்பாக மனச்சோர்வுக்கு உள்ளாவதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. வளரும் நாடுகளில் இது 15.6 விழுக்காடு. நம் மதரஸா பயானில் நாற்பது கர்ப்பிணிகள் அமர்ந்தால் அவர்களில் ஆறு பேர் என்று கொள்ளலாம். இரண்டு வாரத்துக்கு மேல் உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, எதிலும் பற்றின்மை, ஓயாத பதற்றம் ஆகியவை தொடர்ந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவும் பகலும் இலவசமாகத் தமிழில் பேசலாம். முன்பே மனநல மருந்து உட்கொள்பவர்கள், கரு தங்கியதும் தாமாக நிறுத்திவிடாமல் மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். பிள்ளையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்ததாகத் தோன்றினால் மறுநாளுக்குத் தள்ளாமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல. நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்களே ஏவியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கருவுற்ற காலம் துன்பத்திலேயே கழிந்துவிட்டதே, இனி என்ன செய்வது என்று ஏங்கும் தாய்மார் இதைப் படிக்கக்கூடும். பிறந்த முதல் ஆண்டிலேயே பிள்ளையின் மூளை ஏறத்தாழ இரு மடங்காக வளர்கிறது. தாயின் மார்பில் தோலோடு தோல் சேர்த்து அணைக்கப்படுவதும், அழுதால் எவரேனும் வருவார் என்ற அனுபவமும் அந்த மூளையைச் செதுக்குகின்றன. ஸூரா லுக்மானிலும் ஸூரா அஹ்காஃபிலும் சுமப்பதும் பால் மறக்கடிப்பதும் ஒன்றாகச் சேர்த்தே சொல்லப்படுகின்றன. ஸூரா அஹ்காஃப் இரண்டையும் கூட்டி முப்பது மாதம் என்று ஒரே கணக்காகத் தருகிறது. பிரசவ அறையோடு எந்த வாசலும் மூடிவிடுவதில்லை.

என் மாணவிக்கு மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் வாரந்தோறும் பேசும் வாய்ப்புக் கிடைத்தது. மாமி தாமே உடன் சென்று வெளியே காத்திருந்தார். இரவில் மருமகளின் அறையிலேயே படுத்துக்கொள்ளத் தொடங்கினார். "அசைகிறதா உம்மா என்று ஒரு நாளுக்குப் பத்து முறை கேட்டுக்கொண்டிருந்தேன் ஆலிமா. இப்போது, சாப்பிட்டாயா உம்மா என்று மட்டும் கேட்கிறேன்" என்றார். அச்சம் முழுவதும் போய்விடவில்லை. ஆனால் அவள் உறங்கத் தொடங்கினாள். நிறைமாதத்தில் 2.7 கிலோ எடையோடு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

நாற்பதாம் நாள் கழிந்து பிள்ளையோடு மதரஸாவுக்கு வந்தபோது நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் திகைத்து, "நீங்கள் போய் என்னிடம் கேட்பதா உஸ்தாதா!" என்றாள். கேட்கத்தான் வேண்டும். மார்க்கத்தின் பெயரால் ஒரு முஃமினின் உள்ளத்தில் தேவையற்ற சுமையை ஏற்றிய எவரும் அதை இறக்கி வைக்கக் கடமைப்பட்டவரே.

இப்போதும் வியாழக்கிழமைகளில் அதே தலைப்பில் பேசுகிறேன். ஆனால் கருவுற்ற பெண்களைப் பார்த்துப் பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். அவர்களைச் சுற்றி அமர்ந்திருக்கும் மாமிமாரையும் உம்மாமாரையும் நாத்தனார்மாரையும் பார்த்தே பேசுகிறேன். கர்ப்பிணிகளிடம் ஒன்றை மட்டும் சொல்கிறேன்: "அழுகை வந்தால் அழுதுவிடு மகளே. தனியாக அழாதே."

யா அல்லாஹ், எங்கள் பெண்மக்கள் சுமக்கும் அமானிதங்களைப் பாதுகாப்பாயாக. அவர்களுடைய கண்களைக் குளிரச் செய்வாயாக. அவர்களுக்கு நிழலாகவும் நீராகவும் எங்களை ஆக்குவாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.